பூஜை மாடத்தில் வைத்த பொட்டலம்

பிரபாவைச் சீனுவுக்குக் கொடுக்கப் பேசியபோது அவள் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "பையனுக்குக் குடிப்பழக்கம் உண்டா?" மற்றபடி சம்பளம் எவ்வளவு, சொந்த வீடு உண்டா என்று ஒரு பேச்சில்லை. பிரபாவின் அப்பா குடித்துக் குடித்தே குடல் வெந்து போய்ச் சேர்ந்தவர். அதனால் அந்த வீட்டுப் பெண்களுக்குக் கெட்ட பழக்கம் என்றால் அது பாட்டிலில் இருப்பது. வேறு எதிலாவது இருக்கும் என்று அவர்கள் நினைத்துப் பார்த்ததில்லை.

"கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்றேன், தொடமாட்டான்" என்றார் சீனுவின் அப்பா. அது பொய்யில்லை. இன்றுவரைக்கும் சீனு சாராயம் தொட்டதில்லை.

ஜோலார்பேட்டையில் கல்யாணம் முடிந்த கையோடு இருவரும் பெங்களூருக்கு வந்துவிட்டார்கள். எலெக்ட்ரானிக் சிட்டியில் சீனுவுக்குக் கம்பெனி கேப் ஓட்டுகிற வேலை. ஆனேக்கல் போகிற ரோட்டில் ஒரு காம்பவுண்டுக்குள் ஆறு வாடகை வீடுகள். அதில் கடைசி வீடு அவர்களுடையது. முன்வீட்டில் வீட்டுக்காரம்மா யசோதம்மா. கன்னடக்காரி என்றாலும் தமிழில் சண்டை போடுவாள், தமிழில் கொஞ்சுவாள். பிரபா பக்கத்தில் இருந்த ஒரு பிஜி ஹாஸ்டலில் சமையலுக்குப் போனாள். இரண்டாம் வருஷம் தர்ஷினி பிறந்தாள்.

சீனு நல்ல ஓட்டுநர். எந்த சிக்னல் எத்தனை விநாடி நிற்கும் என்பது அவனுக்கு மனப்பாடம். வண்டியில் ஏறுகிற பெண்பிள்ளைகளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். "நம்ம சீனு வண்டியில ஏறினா தூங்கலாம், பயமில்ல" என்று அந்தப் பிள்ளைகளே சொல்வார்களாம். அப்படிப்பட்டவனுக்குத்தான் தூக்கம் வராமல் போயிற்று. விடியுமுன் வண்டி எடுக்க வேண்டும், பகலில் வந்து படுக்க வேண்டும். காம்பவுண்டுக்குப் பின்னால் அடுக்குமாடி கட்டுகிறார்கள்; பகல் முழுக்கக் கல் அறுக்கிற சத்தம். மனிதன் எத்தனை நாளைக்குக் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படுப்பான்?

கூட வண்டி ஓட்டுகிற பரத்துதான் மருந்து சொன்னான். "மச்சா, ஒரே ஒரு இழுப்பு இழுத்துட்டுப் படு. கல்லு அறுக்கிறது தாலாட்டு மாதிரி கேக்கும்." ஓட்டுநர்கள் அதைச் சொப்பு என்று சொல்லிக்கொள்வார்கள். கன்னடத்தில் கீரை என்று அர்த்தம். கீரைதானே என்று சீனுவும் இழுத்தான்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் ஒரு வருஷம் அந்த வீட்டில் தினமும் பண்டிகைதான். சீனு நன்றாகத் தூங்கினான். எழுந்ததும் எட்டு தோசை கேட்டான். மகளோடு தரையில் புரண்டு, ஒன்றுமில்லாததற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தான். குக்கர் விசில் அடித்தால் அதற்கொரு சிரிப்பு. "இன்னாங்க இது, கிறுக்குப் புடிச்சவரு மாதிரி" என்று பிரபாவும் சேர்ந்து சிரித்தாள். குடிகார அப்பா வீட்டில் அவள் கேட்காத சிரிப்பு அது.

ஒருநாள் அவன் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. பிரித்தால் காய்ந்த இலையும் விதையும். ஈரப் புல்லைப் பூட்டிவைத்தது போல் ஒரு வாசனை. பிரபா சோப்புக் கையோடு போய் நின்றாள்.

"இன்னாங்க இது?"

சீனு திடுக்கிடவில்லை. "சிவமூலி. ஈஸ்வரனே குடிக்கிறது. சாராயமா இது? செடி, பிரபா. மண்ணுல மொளைக்கிறது."

பிரபாவுக்குத் திருவண்ணாமலை ஞாபகம் வந்தது. பௌர்ணமிக்குக் கிரிவலம் போகும்போது பாதையோரம் சாமியார்கள் சிலும்பியில் புகை இழுப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். அவர்களுக்குச் சோறு போட்டு, காலில் விழுந்து, விபூதி வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தப் புகை வேறு, இந்தப் புகை வேறு என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அவள் கையைக் கழுவினாள். பொட்டலத்தைப் பழையபடி மடித்தாள். சாமி சம்பந்தப்பட்டது கால்படுகிற இடத்தில் கிடக்கக் கூடாது என்று, பூஜை மாடத்தில் விபூதித் தட்டுக்கும் கற்பூர டப்பாவுக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்தாள். அதற்குப்பிறகு தினமும் விளக்கேற்றும்போது அந்தப் பொட்டலத்துக்கும் சேர்த்துத்தான் கும்பிட்டாள்.

இதை அவள் பிற்பாடு டாக்டரிடம் சொன்னபோது தலையை நிமிர்த்தவே இல்லை.

சிரிப்பு மெல்ல மெல்ல வற்றியது. எப்போது வற்றியது என்று அவளால் ஒரு நாளைக் குறித்துச் சொல்ல முடியாது. ஒரு இழுப்பு ஐந்தாகி, ஐந்து பத்தாகிவிட்டிருந்தது. இழுக்காத நாளில் சீனு எரிந்து விழுந்தான். இழுத்த நாளில் வாயே திறக்கவில்லை. சிக்னல் விநாடியெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவன் தினம் போகிற ரோட்டில் திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிட்டு ஓசூர்ப் பக்கம் பாதி தூரம் போய்விட்டான். பள்ளிக்கூட பஸ் நிற்கிற இடத்தில் தர்ஷினியைக் கூட்டிவரப் போனவன், போன காரியத்தை மறந்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். குழந்தை ஒரு மணி நேரம் வெயிலில் நின்றது.

வீட்டுக்கு வந்தால் பூஜை மாடத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்காருவான். கண் சிவந்திருக்கும். உதடு மட்டும் அசையும். கூப்பிட்டால் திரும்பமாட்டான். பிரபா பக்கத்து வீட்டுப் பெண்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்: "அவரு இப்பல்லாம் சாமிகிட்டதான் இருக்காரு."

ஒருநாள் அவன் அப்படியே திரும்பிக் கேட்டான். "பிரபா, உனக்குக் கேக்கலையா?"

"இன்னாங்க?"

"கூப்புடறாங்க. பேரு சொல்லிக் கூப்புடறாங்க."

வேறு ஒருத்தியாக இருந்தால் பயந்திருப்பாள். பிரபா கைகூப்பினாள். "இன்னா சொல்றாரு சாமி?" என்று கேட்டாள்.

விஷயம் காம்பவுண்டு முழுக்கப் பரவியது. அந்த வாரமே யசோதம்மாவின் மூக்குத்தி காணாமல் போயிற்று. அழுதுகொண்டு வந்து சீனுவின் முன்னால் உட்கார்ந்தாள். சீனு கண்ணைத் திறக்காமலே "தண்ணி போற எடத்துல" என்றான். முகம் கழுவுகிற இடத்துச் சாக்கடைச் சல்லடையில் மூக்குத்தி கிடைத்தது. மூக்குத்தி வேறெங்கே விழும்? ஆனால் யசோதம்மா தேங்காயோடு ஓடிவந்து அவன் காலில் விழுந்தாள். "சாமி நம்ம மனேலயே இருக்கு பிரபா, நாம பாத்துக்காமலே இருந்துட்டோம்!"

அமாவாசைக்கு நாலு பேர் வந்தார்கள். அடுத்த அமாவாசைக்கு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. வந்தவர்கள் எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார்கள், வெற்றிலைபாக்கு கொண்டுவந்தார்கள். சாமிக்குப் பிடித்தது எதுவென்று தெரிந்துகொண்டவர்கள் அதையும் தட்டில் மறைத்துக் கொண்டுவந்தார்கள். ஒரு பெரியவர் காவித்துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "ஏத்துக்கணும் சாமி" என்று கண்ணில் ஒற்றிக் கொடுத்தார். பிரபா பாய் விரித்தாள், தீர்த்தம் கொடுத்தாள். குடிகாரன் மகள் என்று ஊரில் பெயர் வாங்கியவள் இங்கே சாமி வீட்டம்மா. அந்த நிமிர்வு அவளுக்கும் வேண்டியிருந்தது. அதையும் சொல்லாமல் விடக்கூடாது.

இதற்குள் வேலை போய்விட்டது. வண்டியில் கண்ணாடிக்கு மேலே கம்பெனிக்காரர்கள் ஒரு கேமரா வைத்திருந்தார்கள். எல்லா வண்டியிலும் இருப்பதுதான். சீனு அதைத் துணியால் கட்டினான். கேட்டதற்கு, "நான் மனசுக்குள்ள நெனைக்கிறத அதுல கேக்கறானுங்க" என்றானாம். சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். பரத்து வீடு தேடி வந்து, "அண்ணி, எதுக்கும் டாக்டர்கிட்ட காமிங்க, பேச்சு ஒரு மாதிரியா இருக்குது" என்றான்.

"சாமி பேச்சு அப்படித்தான் இருக்கும். உனக்கு வெளங்காது, போப்பா" என்றாள் பிரபா.

அது ஒரு வியாழக்கிழமை காலை. தர்ஷினிக்கு வயது எட்டு. இரட்டைச் சடை போட்டுச் சிவப்பு ரிப்பன் கட்டி, சீருடையில் நிறுத்திவிட்டு, டிபன் கட்ட பிரபா அடுப்படிக்குப் போனாள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. குழந்தை அலறியது.

சீனு ஒரு கையில் அவள் சடையைச் சுற்றிப் பிடித்திருந்தான். மறு கையில் கத்தரிக்கோல். ஒரு சடை அறுந்து ரிப்பனோடு தரையில் கிடந்தது. குழந்தையின் காதோரம் கத்தரி பட்டு ரத்தம் சீருடைக் காலரில் இறங்கிக்கொண்டிருந்தது.

"ரிப்பன்ல கேமரா வச்சிருக்கானுங்க, பிரபா! கம்பெனிக்காரனுங்க! இவளுக்குள்ள ஏறப் பாக்கறானுங்க! நீ அசையாத கண்ணு, அப்பா எடுத்துடறேன், அசையாத!"

சத்தம் கேட்டு யசோதம்மா வாசலுக்கு வந்தாள். தரையில் கிடந்த சடையைப் பார்த்தாள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "முடி காணிக்கை கேட்டிருக்கு சாமி" என்றாள். "பயப்படாத பிரபா. மொட்டை போடறேன்னு ஏதாச்சும் வேண்டிக்கிட்டு மறந்துட்டியா?"

ஒரு நொடி பிரபாவும் யோசித்தாள். வேண்டிக்கொண்டேனா? அப்புறம் கணவன் முகத்தைப் பார்த்தாள். அவள் ஊர்த் திருவிழாவில் எத்தனையோ பேர் மேல் அருள் இறங்கிப் பார்த்திருக்கிறாள். ஆவேசம் இருக்கும், கோபம் இருக்கும், அழுகைகூட இருக்கும். பயம் இருந்து பார்த்ததில்லை. சாமி வந்தவன் எதற்குப் பயப்படுவான்? சீனுவின் கண்ணில் இருந்தது பயம். கிணற்றில் விழுந்தவன் மேலே பார்க்கிற பார்வை.

"ஏங்க" என்றாள் மெதுவாக. "இன்னொரு சடையில நான் எடுத்துடறேன். நீங்க குடுங்க. என் கை சின்னது, வலிக்காம எடுப்பேன்."

அவன் அவளையே பார்த்தான். கொடுத்துவிட்டான். அவள் கத்தரிக்கோலை வாங்கி முந்தானையில் சுருட்டிக்கொண்டு, இன்னொரு கையால் குழந்தையை இழுத்து யசோதம்மாவின் மேல் தள்ளினாள். "கூட்டிக்கினு போங்க. கதவ சாத்துங்க."

பரத்துதான் வண்டி கொண்டுவந்தான். மனநல ஆஸ்பத்திரிக்கு என்றால் சீனு ஏறமாட்டான் என்று, காது டாக்டர், அந்தக் குரலை நிறுத்தித் தருவார் என்று சொல்லி ஏற்றினார்கள். வழியெல்லாம் பரத்து அழுதுகொண்டே ஓட்டினான். "நானும்தான் அண்ணி இழுத்தேன். அவன்கூட உக்காந்துதான் இழுத்தேன். எனக்கு ஒண்ணும் ஆகலியே. அவனுக்கு மட்டும் ஏன்?"

அதே கேள்வியைப் பிரபா டாக்டரிடம் கேட்டாள். முதலில் கஞ்சா என்ற வார்த்தையே அவள் வாயில் வரவில்லை. டாக்டர் நடுத்தர வயதுப் பெண். கன்னடம் கலந்த தமிழ். "நான் போலீஸ் இல்லம்மா. சொல்லுங்க. சொன்னாத்தான் மருந்து குடுக்க முடியும்" என்றாள். அப்புறம்தான் பொட்டலம், மாடம், குறி எல்லாம் வெளியே வந்தது.

"எல்லாருக்கும் இப்படி ஆகறதில்லம்மா. எத்தனையோ பேரு குடிச்சா ஒருத்தருக்கு மனசு இப்படிக் கழண்டுக்கும். யாருக்குன்னு முன்னாடியே சொல்ல முடியாது. தினமும் நெறைய இழுத்தா ஆபத்து ஜாஸ்தி. ரத்தத்துல இருந்தா இன்னும் ஜாஸ்தி. இவரு குடும்பத்துல யாராச்சும் தனியா பேசிக்கிட்டு, வீட்ட விட்டுப் போனவங்க உண்டா?"

சீனுவின் சித்தப்பா ஒருவர் உண்டு. இருபத்தைந்து வயதில் காவி கட்டிக்கொண்டு, காற்றோடு பேசிக்கொண்டு போனவர் திரும்பவில்லை. அந்தக் குடும்பத்தில் அவர் படத்துக்குப் பொட்டு வைத்திருக்கிறார்கள். பிரபா சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டாள்.

"மாத்திரை விடக்கூடாது. இன்னொரு தரம் அதைத் தொடவே கூடாது. தொட்டா அந்தக் குரல் திரும்பி வரும். ஒவ்வொரு தரம் வந்து போறப்பவும் மனுஷன் கொஞ்சம் கொஞ்சம் கொறஞ்சுதான் கெடைப்பாரு. இதுதான் முக்கியம், கேட்டுக்குங்க."

முதல் பத்து நாள் அவனுக்குத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, தொட்டதற்கெல்லாம் கத்தினான். அப்புறம் அடங்கினான். நாலாவது வாரம் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். கை லேசாக நடுங்கியது, நடை தளர்ந்திருந்தது. ஆனால் குரல் இல்லை. முதல் நாள் தர்ஷினி கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். மிச்சச் சடையையும் எடுத்து மொட்டை போட்டிருந்த தலையில் முடி குத்துக் குத்தாக வளர்ந்திருந்தது. சீனு அவளைக் கிட்டே கூப்பிடவில்லை. அவள் காதைப் பார்த்தான். "ஆறிடுச்சா கண்ணு?" என்று மட்டும் கேட்டான். பிரபாவுக்கு அது போதும் என்றிருந்தது. மாடத்தில் இருந்த பொட்டலத்தைக் கக்கூசில் கொட்டித் தண்ணீர் ஊற்றியாயிற்று. இவன் இப்படியே இருந்தால் போதும், ஈஸ்வரா. வண்டி ஓட்டவேண்டாம், சிரிக்கக்கூட வேண்டாம். பிள்ளைக்கு அப்பனாக இருந்தால் போதும்.

காணிக்கை கொண்டுவந்தவர்கள் வருவதை நிறுத்தவில்லை. பிரபா வாசலிலேயே மடக்கி, உடம்பு சரியில்லை, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினாள். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சாமி என்று தானே உட்காரவைத்த கணவனை என்னவென்று சொல்வது? யசோதம்மாவிடமும் உடம்பு சரியில்லை என்றுதான் சொன்னாள். அது வினையாகிவிட்டது. சாமிக்கு உடம்பு சரியில்லை என்றால் சாமிக்குப் பிடித்ததைக் கொடுத்தால் சரியாகும் என்று அவர்கள் நினைத்தார்கள்.

அவள் ஹாஸ்டலுக்கு வேலைக்குப் போயிருந்த நேரம். காவித்துணிப் பெரியவர் வந்து யசோதம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். யசோதம்மா நல்ல மனசோடு, குளித்துவிட்டு, தட்டில் பூ வைத்துக் கொண்டுபோய்ச் சீனுவின் முன்னால் வைத்திருக்கிறாள். நாலு நாள். தினமும். மாத்திரையை அவன் நாக்குக்கு அடியில் வைத்துத் துப்பிக்கொண்டிருந்தது ஐந்தாம் நாள்தான் தெரிந்தது. அன்றைக்கு அவன் வீட்டிலிருந்த மின்சார ஒயர்களையெல்லாம் சுவரிலிருந்து பிடுங்கிப்போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தான்.

"நானு ஏனு தப்பு மாடிதே, என்ன தப்பு பண்ணேன் பிரபா?" என்று யசோதம்மா அழுதாள். "சாமிக்குப் பிரசாதம்னுதானே குடுத்தேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீனு?"

பிரபா அவளைத் திட்டவில்லை. திட்டுவதற்கு அவளுக்கு என்ன தகுதி? முதல் பொட்டலத்தை மாடத்தில் வைத்தவள் பிரபாதானே.

இரண்டாம் தரம் ஆஸ்பத்திரியில் ஏழு வாரம். டாக்டர் இந்தத் தடவை அதிகம் பேசவில்லை. "குரல் முழுசா போகலம்மா. தூரத்துல கேக்குது, அவ்வளவுதான். இனி வண்டி ஓட்ட முடியாது. தனியா விடாதீங்க" என்றாள். வீட்டுக்கு வந்தவன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தான். சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிட மறந்தான். தர்ஷினி இப்போது கதவுக்குப் பின்னால் நிற்பதில்லை. அப்பா இருப்பதையே கவனிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள்.

அமாவாசை வந்தது. காலை எட்டு மணிக்கே கேட்டுக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு பேர். முன்னால் காவித்துணிப் பெரியவர். பிரபா அன்று வேலைக்குப் போகவில்லை. குளித்து, திருநீறு இட்டுக்கொண்டு, கேட்டுக்குக் குறுக்கே போய் நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"இங்க சாமி இல்லீங்க. ஒரு நோயாளி இருக்காரு. நீங்க குடுக்கிறதுதான் அவரு நோவு."

பெரியவர் சிரித்தார். "சோதிக்கிறியாம்மா?"

"சோதிக்கல. கஞ்சா குடிச்சு மூளை கலங்கிப் போச்சு. நான்தான் அதச் சாமின்னு சொல்லி உங்களையெல்லாம் ஏமாத்தினேன். நானும் ஏமாந்தேன். பொட்டலத்த எடுத்துக்கினு போங்க."

"தெய்வத்த நோயின்னு சொல்ற. உன் நாக்கு அழுகிடும்."

"அழுகட்டும். போங்க."

வீட்டு வாசலுக்கு வந்தவர்களைப் போய்ட்டு வாங்க என்றுதான் அனுப்புவார்கள். பிரபா ஆயுசில் யாரையும் வெறுமனே போங்க என்று சொன்னதில்லை, அன்றைக்குச் சொன்னாள். யசோதம்மா முன்வீட்டுப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், இறங்கி வந்து அவள் பக்கத்தில் நின்றாள். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. ஒரு பெண் மட்டும் கேட்டுக் கம்பியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

பிரபா திரும்பினாள். சீனு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

"பிரபா."

"இன்னாங்க?"

"அப்ப எங்கூடப் பேசுனது யாரு?"

ஒரு நாள் கைகூப்பி நின்று, இன்னா சொல்றாரு சாமி என்று கேட்டவள் அவள்.

"யாரும் இல்லீங்க."

"யாருமே இல்லியா?"

"இல்ல."

அவன் அழுவான் என்று நினைத்தாள். கத்துவான் என்றுகூட நினைத்தாள். சாவுச் சேதி கேட்டவனைப் போல் மெதுவாகத் தலையை ஆட்டிவிட்டு, உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். பிரபா டம்ளரில் தண்ணீரையும் காலை மாத்திரையையும் எடுத்துக்கொண்டு அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். வாயைத் திறக்கச் சொன்னாள். விழுங்கினானா என்று நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள்.